கேள்வி – பதில்: மானேயின் கல்லச்சும் மாக்சிமிலியனின் மரணமும்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே 1868இல் கல்லில் வரைந்த ‘மாக்சிமிலியனுக்கு மரண தண்டனை’ அச்சுப்படத்தை வெளியிட்டிருந்தோம். இடதுபக்கம் சாகப்போகும் மூன்று பேர், அவர்கள் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி நீட்டிய சிப்பாய்கள், வலது ஓரத்தில் சுடாமல் தன் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நிற்கும் இன்னொருவன். வந்த கேள்விகளில் பலரும் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சுடப்படுபவர்கள் யார்? ஆஸ்திரிய இளவரசருக்கு மெக்சிகோவில் என்ன வேலை?

கடன்தான் காரணம். 1861இல் மெக்சிகோ குடியரசுத் தலைவர் பெனிட்டோ ஹுவாரெஸ் வெளிநாட்டுக் கடன்களுக்குத் தவணை கட்டுவதை நிறுத்திவைத்தார். பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் மூன்றும் படை அனுப்பின. மற்ற இரண்டும் 1862இலேயே விலகிக்கொள்ள, பிரான்ஸ் மட்டும் உள்ளே புகுந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், ஆஸ்திரியப் பேரரசரின் தம்பி மாக்சிமிலியனை 1864இல் மெக்சிகோவின் பேரரசராக உட்கார வைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் வாஷிங்டன் பிரான்ஸை நெருக்கத் தொடங்கியது. உள்ளூர் எதிர்ப்பும் ஓயவில்லை. 1867இன் தொடக்கத்துக்குள் பிரெஞ்சுப் படை மொத்தமாகக் கப்பலேறிவிட்டது. தனியாக மாட்டிக்கொண்ட மாக்சிமிலியன் மே மாதம் கெரெத்தாரோ நகரில் பிடிபட்டார். ஜூன் 19 காலை, நகரையடுத்த செரோ தெ லாஸ் கம்பானாஸ் என்ற குன்றில், தளபதிகள் மிகெல் மிராமோன், தொமாஸ் மெஹியா ஆகியோருடன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவரை வெறும் அப்பாவியாகப் பார்க்கவும் முடியாது. ஆயுதத்தோடு பிடிபடும் குடியரசுப் படையினரை உடனுக்குடன் சுட்டுவிட வழிசெய்யும் ஆணையில் 1865 அக்டோபரில் கையெழுத்திட்டவர் அவர்தான். விசாரணையில் அதுவும் அவர் தலையில் விடிந்தது.

கேள்வி: மானே நேரில் பார்த்து வரைந்தாரா? இல்லையென்றால் இதை எப்படி யதார்த்தவாதப் படம் என்கிறார்கள்?

பார்க்கவில்லை. அவர் மெக்சிகோ பக்கம் போகவே இல்லை. ஜூலைத் தொடக்கத்தில், உலகக் கண்காட்சியின் பரிசளிப்பு விழா ஆர்ப்பாட்டமாக நடந்துகொண்டிருந்த வேளையில் பாரிஸுக்குச் செய்தி வந்தது. அன்றுமுதல் பத்திரிகைச் செய்திகளையும் கைக்குக் கிடைத்த படங்களையும் வைத்துக்கொண்டு 1869வரை இதே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். முதல் பெரிய ஓவியம் இன்று பாஸ்டனில் இருக்கிறது. அதில் சிப்பாய்களுக்கு மெக்சிகோ பாணித் தொப்பியும் அகலக் கால்சட்டையும். சுட்ட சிப்பாய்களின் சீருடை பிரெஞ்சுச் சீருடையைப் போலவே இருந்தது என்ற தகவல் பின்னால் வந்தது. அடுத்த ஓவியத்தில் உடை மாறிவிட்டது. துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, பிறகு ஓவியர் தேகா தேடிச் சேர்த்த அந்த இரண்டாவது ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. முடிவான பெரிய ஓவியம் ஜெர்மனியின் மான்ஹைமில். சிறிய எண்ணெய் வண்ண வரைவு ஒன்று கோபன்ஹேகனில்.

உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டால் படத்தில் பிசகு நிறைய. நடுவில் நிற்கும் மரியாதையை மாக்சிமிலியன் மிராமோனுக்கு விட்டுக்கொடுத்து ஓரத்தில் நின்றார். படத்திலோ நடுவில் நிற்பவர் அவர்தான். மூவருக்கும் தனித்தனி அணிகள் சுட்டன. படத்தில் ஒரே அணி. துப்பாக்கி முனைக்கும் நெஞ்சுக்கும் இடையே கையளவு தூரம்கூட இல்லாததுபோல் தெரிகிறது. அந்தத் தூரத்தில் யாரும் அணிவகுத்துச் சுடமாட்டார்கள்.

யதார்த்தம் இருப்பது தொனியில். அந்தக் காலத்துப் போர் ஓவியங்களில் சாகிறவன் வானத்தைப் பார்ப்பான், கொல்கிறவன் பல்லைக் கடிப்பான், மூலையில் ஒரு பெண் மயங்கி விழுவாள். மானே அவ்வளவையும் விலக்கிவிட்டார். சிப்பாய்களின் முதுகும் பக்கவாட்டுத் தோற்றமும்தான் நமக்குக் கிடைக்கின்றன. கால்களைச் சற்று அகட்டி, பயிற்சித் திடலில் நிற்பதைப்போல நிற்கிறார்கள். கொலை ஒரு அலுவலாக நடக்கிறது. அதனால்தான் இந்தப் படம் உறுத்துகிறது. ரத்தத்தைக் கொட்டி வரைந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது என்பது எங்கள் கட்சி.

கேள்வி: வலது ஓரத்துச் சிப்பாய் ஏன் சுடவில்லை? மனசாட்சி உறுத்துகிறதா?

மனசாட்சிக்கு அங்கே வேலையில்லை. அவர் கீழ்நிலை அதிகாரி. முதல் சூட்டில் உயிர் போகாவிட்டால் கிட்டே போய் இறுதிக் குண்டு போடுவது அவர் பொறுப்பு. அதற்காகத் துப்பாக்கியைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். மாக்சிமிலியனுக்கு அந்த இறுதிக் குண்டு தேவைப்பட்டது. மான்ஹைம் ஓவியத்தில் இவருடைய முகம் மூன்றாம் நெப்போலியனின் சாயலில் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். சாயல் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. ஆனால் பிரெஞ்சுச் சீருடைபோல ஒன்றை மாட்டிவிட்டபின், முகம் யாருடையது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

கேள்வி: பெரிய ஓவியம் இருக்கும்போது முழங்கை நீள அச்சுப்படத்துக்கு அரசு ஏன் அஞ்ச வேண்டும்?

ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்கும். ஒரு கல்லிலிருந்து நூற்றுக்கணக்கில் படிகள் எடுத்துக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டலாம். இதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது. 1852 பிப்ரவரி 17 ஆணையின் 22வது பிரிவின்படி, பிரான்சில் எந்த வரைபடமும் செதுக்குப்படமும் கல்லச்சும் முன் அனுமதி இல்லாமல் வெளிவரக் கூடாது. 1868இல் பத்திரிகைச் சட்டம் தளர்ந்து, புதுப் பத்திரிகை தொடங்க அனுமதி தேவையில்லை என்றானது. படங்களுக்கு மட்டும் பழைய பிடி தளரவில்லை. எழுத்துக்கு எழுத்தறிவு வேண்டும், படத்துக்குக் கண் போதும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

1869 ஜனவரியில், கல்லச்சு வெளிவர அனுமதி கிடைக்காது, ஓவியத்தை அரசுக் கண்காட்சியான சலோனுக்கு அனுப்பினாலும் ஏற்கமாட்டார்கள் என்று மானேக்குத் தெரிவிக்கப்பட்டது. அடுத்த சிக்கல் அச்சகத்திலிருந்து வந்தது. அச்சகர் லெமெர்சியே கல்லைத் திருப்பித் தர மறுத்து, அதிலுள்ள படத்தைத் தேய்த்து அழிக்க ஒப்புதல் கேட்டார். அச்சகக்காரருக்கு அது அன்றாட வழக்கம்: விலை கூடிய கல், தேய்த்தால் அடுத்த வேலைக்கு ஆகும். கலைஞனுக்கு அதோடு எல்லாம் போச்சு. கல்லச்சுக்கு வேறு மூலம் கிடையாது. மானே தன் நண்பரான எழுத்தாளர் எமில் ஸோலாவுக்கு எழுத, பிப்ரவரி 4 அன்று ‘லா திரிப்யூன்’ இதழில் ஸோலா ஒரு சிறு குறிப்பு போட்டார். சிப்பாய்களின் உடையைக் காட்டி, பிரான்ஸே மாக்சிமிலியனைச் சுடுகிறது என்ற பொருளைப் பகிரங்கமாக உடைத்துச் சொன்ன குறிப்பு அது. கல் மானேயிடம் திரும்பி வந்தது, அனுமதி வரவில்லை. முன் அனுமதி முறையை 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டம்தான் ஒழித்தது. மானே 1883 ஏப்ரலில் இறந்தார். 1884இல் அதே லெமெர்சியே அச்சகம் 50 படிகள் எடுத்தது.

மான்ஹைம் ஓவியமும் அவர் உயிரோடிருந்தவரை பிரான்சில் மக்கள் பார்வைக்கு வரவில்லை. 1879இல் பாடகி எமிலி ஆம்ப்ர் அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் காட்டினார்.

கேள்வி: நான் ஓவியக் கல்லூரி மாணவி. இதேபோல மெழுகுக் கட்டியால் கல்லில் வரைந்து அச்செடுக்க ஆசை. படிப்படியாகச் சொல்ல முடியுமா? எங்கே கெட்டுப்போகும்?

அடிப்படை எளிது: எண்ணெயும் நீரும் ஒட்டாது. அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களின் கடைசியில் கண்டுபிடித்தது அவ்வளவுதான். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் இரண்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கொழுப்புப் பட்ட இடம் மையை வாங்கும், ஈரமான இடம் மையைத் தள்ளும். கல் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனில் இருக்கட்டும். மஞ்சள் கல் மென்மை, சாம்பல் கல் கெட்டி. நுட்பமான சாயைகளுக்குச் சாம்பல் கல்லே நல்லது.

முதலில் கல்லைத் தீட்ட வேண்டும். இரண்டு கற்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடையே நீரும் கார்போரண்டம் என்ற உராய்வுப் பொடியும் போட்டு எட்டு வடிவத்தில் அரைக்க வேண்டும். 100ஆம் எண் பொடி, பிறகு 180, கடைசியில் 220; எண் கூடக்கூடப் பொடி நுண்மை. ஒவ்வொரு எண் முடிந்ததும் கல்லையும் விளிம்பையும் தொட்டியையும் நன்றாகக் கழுவுங்கள். 100ஆம் எண் துகள் ஒன்று தங்கிவிட்டால் கடைசி அரைப்பில் நீளக் கீறல் விழும், அது அச்சில் வெள்ளை மயிரிழைபோல வரும். சமமாக இருக்கிறதா என்று பார்க்க, இரும்பு அளவுகோலைக் கல்மேல் நிறுத்தி அடியில் மெல்லிய தாள் துண்டுகளைச் செருகி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும்.

அடுத்து வரைதல். மெழுகு, கொழுப்பு, சோப்பு, விளக்குக்கரி கலந்த கட்டிதான் லித்தோ க்ரேயான். கெட்டிக் கட்டியால் மெதுவாகத் தொடங்கி, இருட்டு வேண்டிய இடத்தில் பல திசைகளில் அடுக்கடுக்காகப் போட்டு, கடைசியில்தான் மென்மையான கட்டிக்கு வர வேண்டும். எடுத்தவுடன் மென்மையான கட்டியை அழுத்தினால் கல்லின் மணல்தன்மை அடைபட்டு, சிப்பாயின் சட்டை தார் பூசிய பலகைபோல ஆகிவிடும். மானேயின் சிப்பாய்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உடை எவ்வளவு கறுத்திருந்தாலும் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் மூச்சுவிடும். இடுப்புப் பட்டியும் கணுக்கால் உறையும் வெறுமனே விட்ட தாள். வெள்ளையை விட்டுவைக்க முடியாத இடத்தில் கூர்க்கத்தியால் சுரண்டலாம். சுரண்டிய இடத்தில் கல்லின் மணல் போய்விடும், மறுபடி க்ரேயான் பிடிக்காது. எனவே சுரண்டல் கடைசி வேலை.

வரையும்போது கை கல்லில் படவே கூடாது. குறுக்கே ஒரு மரப்பாலம் வைத்து அதில் கையை ஊன்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரல்ரேகையும் மை ஏற்றியவுடன் கறுப்பாக எழுந்து நிற்கும். குனிந்து பேசினால் எச்சில் தெறிக்கும். அது பட்ட இடத்தில் க்ரேயான் பிடிக்காமல் வெள்ளைப் புள்ளி விழும். பொடுகும் கொழுப்புதான், தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகப் பதப்படுத்தல். பெரும்பாலான படங்கள் சாகும் இடம் இது. வரைந்த கல்மேல் முதலில் ரோசின் (பைன் மரப்பிசின்) தூள், பிறகு டால்க் தூவி, உபரியைத் துடைத்துவிடுங்கள். 30 மில்லி கருவேலம் பிசின் கரைசலுக்கு, வெளிர்சாயைப் பகுதிக்கு 3 முதல் 5 சொட்டு நைட்ரிக் அமிலம், நடுச்சாயைக்கு 8 முதல் 12, அடர் கறுப்புக்கு 14 முதல் 18. இவை தொடக்க அளவுகள். உங்கள் கல்லின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு எப்படி நுரைக்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். அமிலத்தைத்தான் பிசினுக்குள் சொட்டவிட வேண்டும், கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். மூன்று நான்கு நிமிடம் தூரிகையால் நகர்த்திக்கொண்டே இருந்து, துணியால் கண்ணாடிபோல மெல்லிய படலமாகத் துடைத்துக் காயவிடுங்கள். முடிந்தால் ஓர் இரவு. சொட்டு கூடினால் வெளிர்சாயை வெந்து காணாமல் போகும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. குறைந்தால் இருண்ட பகுதிகள் நாலைந்து படிகளுக்குள் மூடிக்கொள்ளும்.

பிறகு காய்ந்த பிசின்மேலேயே டர்பன்டைன் விட்டு க்ரேயானைக் கரைத்தெடுங்கள். படம் மறைந்து வெறும் நிழல்போலத் தெரியும், பயப்பட வேண்டாம். கொழுப்பு கல்லுக்குள் இருக்கிறது. ஆஸ்பால்டம் என்ற நிலக்கீல் கரைசலை மெல்லத் தேய்த்து, தண்ணீரால் கழுவி, கல் ஈரமாக இருக்கும்போதே உருளையால் மை ஏற்றுங்கள். நனை, உருட்டு, நனை, உருட்டு. கல் ஒரு கணம் காய்ந்தாலும் வெள்ளைப் பகுதியில் மை படரும். உடனே பதறித் துடைக்காமல், கல்லை நனைத்து உருளையை வேகமாக ஓட்டினால் பெரும்பாலும் உருளையே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். படம் முழுதாக எழுந்ததும் மறுபடி தூள், மறுபடி பிசின், இரண்டாவது பதப்படுத்தல். அதன்பின்தான் உண்மையான அச்சு.

தாளைச் சற்று ஈரமாக்கி, மேலே மெத்தைத்தாள், அதன்மேல் கொழுப்புத் தடவிய அழுத்துப்பலகை. தோல் போர்த்திய மரச்சுரண்டி இவற்றை ஒரே இழுப்பில் கடக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் குறுக்குக் கோடு விழும். சுரண்டி கல்லைவிட அகலமாகவோ அடியில் மணல்துகளோ இருந்தால் கல்லே பிளக்கும். டர்பன்டைன் துணிகளைக் குவித்துவைக்காதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும்; மூடியுள்ள உலோகக் கலத்தில் போடுங்கள்.

கேள்வி: கல்லச்சு இடவலம் மாறித்தானே விழும்? மானேயின் அச்சில் ஓவியத்தில் உள்ள அதே திசை எப்படி?

கல்லில் அவர் இடவலம் மாற்றி வரைந்திருக்கிறார், அவ்வளவுதான். மெல்லிய தாளில் நகலெடுத்து, திருப்பிப்போட்டு, கொழுப்பில்லாத செங்காவித் தாளால் வெளிக்கோட்டைக் கல்லில் இறக்கலாம். காவி மையை வாங்காது. வரையும்போது எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி அதில் பார்த்துக்கொள்வது பழைய உத்தி.

கேள்வி: ஸ்பானிய ஓவியர் கோயாவைப் பார்த்துத்தான் மானே இதைச் செய்தாரா?

மானே 1865இல் மாட்ரிட் போனவர். 1808 மே 3 அன்று மாட்ரிடில் பிரெஞ்சுப் படை நடத்திய படுகொலையைக் கோயா 1814இல் தீட்டிய ஓவியம் இதற்கு முன்மாதிரி என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. அச்சுப்படம் என்று வந்தால் கோயாவின் ‘போரின் பேரழிவுகள்’ வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1810 முதல் 1820வரை செம்புத் தகடுகளில் செய்தது. அவர் இறந்து 35 ஆண்டு கழித்து, 1863இல், 80 படங்களாக மாட்ரிட் அகாடமி வெளியிட்டது. 15ஆவது படத்தில் கம்பத்தில் கட்டிய ஒருவர். வலது விளிம்பிலிருந்து துப்பாக்கிக் குழாய்கள் மட்டும் நீண்டிருக்கின்றன, பிடித்திருக்கும் ஆள் இல்லை. 26ஆவதிலும் அப்படியே, துப்பாக்கிமுனைக் கத்திகள் மட்டும். கோயா கொல்கிறவனை வெட்டியெறிந்துவிட்டு நம்மைச் சாகிறவனோடு நிறுத்துகிறார். மானே நம்மைச் சிப்பாய்களின் பின்னால், அடுத்த வரிசையில் நிறுத்துகிறார். இரண்டில் எது கொடுமை என்று கேட்டால், மானேயைச் சொல்வோம்.

கேள்வி: ‘தடுப்பரண்’ என்ற மானே படத்திலும் இதே சிப்பாய்கள் இருப்பதுபோலத் தோன்றுகிறதே?

சரியாகப் பிடித்தீர்கள். 1871 மே 21 முதல் 28வரை, பாரிஸில் எழுந்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூனை அரசுப்படை நசுக்கிய ரத்த வாரத்தைப் பற்றிய கல்லச்சு அது. புடாபெஸ்டில் உள்ள அதன் வண்ண வரைவைத் திருப்பினால், பின்பக்கத்தில் மாக்சிமிலியன் காட்சியின் நகல் இருக்கிறது. மெக்சிகோவில் சுட்ட அணியை அப்படியே பாரிஸ் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார். இம்முறை சீருடை பிரெஞ்சுச் சீருடையேதான், ‘போல’ என்ற சாக்கு இல்லை. இதுவும் 1884வரை வெளிவரவில்லை. அதே வாரத்தைப் பற்றிய ‘உள்நாட்டுப் போர்’ மட்டும் 1874இல் 100 படிகள் வந்தது. அதில் செத்துக் கிடப்பவர்கள் மட்டுமே, சுடுகிற யாரும் இல்லை.

கேள்வி: மானேயின் இந்த அச்சு என்று ஒருவர் விற்க வருகிறார். மானேயின் பென்சில் கையெழுத்தும் இருக்கிறதாம். எப்படிச் சோதிப்பது?

அந்தக் கையெழுத்தே விற்க வந்தவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 1884 பதிப்பு வந்தபோது மானே உயிரோடு இல்லை.

பொதுவாக, 10 மடங்கு பெருக்கும் கண்ணாடியில் சாயைப் பகுதியைப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் இயந்திர மறுபதிப்பு; ஒழுங்கற்ற மணல்போலத் தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். படத்தின் அளவு சுமார் 33க்கு 43 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 1884 படிகள் மெல்லிய சீனத்தாளில் எடுக்கப்பட்டு, அச்சடிக்கும் அதே அழுத்தத்தில் தடித்த தாளில் ஒட்டப்பட்டவை. அந்த மெல்லிய தாளின் விளிம்பைச் செப்புத்தகட்டின் தடம் என்று குழப்பிக்கொள்வது வழக்கம்; கல்லச்சில் தகட்டுத் தடம் வராது. இருட்டறையில் புறஊதா விளக்கு அடித்துத் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால், அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த வெளுப்பூட்டி சேர்த்த தாள். இவ்வளவும் தேறினால்தான் அருங்காட்சியக அச்சுப்படப் பிரிவில் காட்டி ஒப்பிடக் கேளுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் போன்ற இடங்களில் இதன் படி உண்டு.

உண்மையானதாகவே இருந்தாலும் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளி அளவு) மேல் வேண்டாம், அமிலமற்ற அட்டைச் சட்டம் வைத்துக் கண்ணாடி தாளைத் தொடாமல் பாருங்கள். ஈரக்காற்று பட்டால் சீனத்தாள் கொப்புளித்து அடித்தாளைவிட்டுக் கிளம்பும். அப்போது இஸ்திரிப்பெட்டியை எடுக்க வேண்டாம், தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.